துரை ஆட்டமும் நம்ம கித்தாவும்



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு, சொந்த வீட்டிலிருந்தே திருடனைப்போல் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருகிற மனிதர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? கிள்ளானில் ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்தை எழுதுகிறவர்தான் அவர்.

வீட்டுக்காரி விழித்துக்கொண்டால் ஒரே கேள்விதான் கேட்பாள். "தோட்டத்திலே இருந்தப்போ எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டீங்கன்னு அத்தை சொல்றாங்க. இப்போ எந்தப் பெரட்டுலே உங்களுக்குப் பேர் போடுறாங்கன்னு இந்த ஓட்டம் ஓடுறீங்க?"

யாரும் பேர் போடுவதில்லை. நான்தான் காசு கட்டிவிட்டு வருகிறேன். கோல்ப் விளையாடத்தான் இந்த ஓட்டம். குழிப்பந்தாட்டம் என்று நம் பத்திரிகைகள் எழுதுமே, அதுதான்.

துரைமார் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டான் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சமையல் குறிப்பு எங்கேயும் ஓடிவிடாது. இந்த ஆட்டத்தால் நான் என் தாயாரிடம் பதினோரு வருஷம் ஒரு விஷயத்தை மறைத்தேன். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஆட்டம் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லயத்து முற்றத்தில் நாம் விளையாடிய கிட்டிப்புள்ளையும் கோலியையும் சேர்த்துக் கலக்கி, அதைப் பல ஏக்கர் புல்வெளியில் விரித்துப் போட்டால் அதுதான் கோல்ப். பந்தை மட்டையால் அடிக்க வேண்டும். எங்கே விழுந்ததோ அங்கே நடந்து போய் மறுபடி அடிக்க வேண்டும். கடைசியில் 108 மில்லிமீட்டர் அகலமுள்ள குழிக்குள் அதை உருட்டிவிட வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழி. குறைந்த அடியில் முடித்தவர் கெட்டிக்காரர். பையில் பதினாலு மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. பந்து புதருக்குள் போய்விட்டால் தேடுவதற்கு மூன்று நிமிஷம்தான். 2019க்கு முன்பு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். எனக்கு ஐம்பது நிமிஷம் கொடுத்தாலும் போதாது.

கெட்டிக்காரனும் கற்றுக்குட்டியும் சேர்ந்தே விளையாடலாம் என்பது இதில் ஒரு அழகு. ஓட்டப்பந்தயத்தில் சின்னப் பையனை நாலு அடி முன்னால் நிறுத்துவோமே, அதுபோல் ஒவ்வொருவர் திறமைக்கும் ஏற்றபடி சில அடிகளைக் கழித்துக்கொள்ள விடுவார்கள். ஹேண்டிகேப் என்று அதற்குப் பெயர். என் ஹேண்டிகேப் 21. தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் இந்த ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் வேறு. இதில் நடுவர் கூடவே ஓடி வருவதில்லை. பந்து இருக்கும் இடம் சரியில்லை என்று காலால் ஒரு தள்ளுத் தள்ளினால், புதருக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? தப்பு நடந்தால் நாமே வாய் திறந்து சொல்லி, ஒரு அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பாபி ஜோன்ஸ் என்று ஒரு மகா ஆட்டக்காரர் இருந்தார். கடைசிவரை காசுக்கு ஆடாத அமெச்சூர். 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுப் போட்டியில், தான் அடிக்கத் தயாரானபோது பந்து இம்மி அசைந்துவிட்டது என்று அவரே போய்ச் சொன்னார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு அடி கூடியது. கடைசியில் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் தோற்றும் போனார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து ஸ்டோர்தான் ஞாபகம் வந்தது. என் தாயார் இருபத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டினார். வாளிப் பாலைக் கொண்டுபோய் வரிசையில் நிற்பார். கிராணியார் நிறுத்துப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு என்று ஒரு குழலை விட்டுப் பார்த்து, ஒரு எண்ணை எழுதிக்கொள்வார். அந்த எண் சரியா தப்பா என்று கேட்க வாயும் இல்லை, படிக்க எழுத்தும் இல்லை. தன் உழைப்பின் கணக்கைத் தன் கையால் எழுதுகிற பாக்கியம் அவருக்கு ஒரு நாள்கூடக் கிடைத்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் பென்சிலை எடுத்து என் கணக்கை நானே எழுதுகிறேன். ஏழு அடி அடித்தால் ஏழு. மானம் போனாலும் ஏழுதான்.

இந்த ஆட்டத்தை நான் முதலில் பார்த்தது பையைத் தூக்குகிறவனாக. 1970களின் தொடக்கம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில், துரைமார் கிளப்பின் ஒன்பது குழி மைதானத்துக்குத் தோட்டத்துப் பையன்கள் ஓடுவோம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் கையில் கொஞ்சம் சில்லறை. தொலைந்த பந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் ஓடையில் கிடந்த ஒரு பழைய பந்தைக் கொடுக்காமல் சிலுவாருக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசை. கத்தியால் தோலை வெட்டினேன். பாருங்கள், உள்ளே மெல்லிய ரப்பர் நூல்! இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. லயத்து வாசலில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓடியும் முடியவில்லை.

அப்பா வெளியே வந்து ஒரு நுனியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இது நம்ம கித்தாடா," என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆதியில் கோல்ப் பந்து என்பது தோலுக்குள் பறவை இறகை அடைத்துத் தைத்தது. விலை அதிகம், மழையில் நனைந்தால் தீர்ந்தது. 1840களில் சிங்கப்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு பிசின் போய்ச் சேர்ந்தது. நம் மலாயாக் காட்டு மரத்தின் பால் அது. மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என்பார்கள். சுடுதண்ணீரில் போட்டால் மெழுகுபோல் இளகும், ஆறினால் கல்லாகும். 1848 வாக்கில் அதை உருட்டிப் பந்து செய்யத் தொடங்கினார்கள். பந்து மலிந்தது. மலிந்த பிறகுதான் சாதாரண ஆட்களும் ஆடவந்தார்கள். நாம் கித்தா என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லும் இதே கெத்தாவிலிருந்து வந்ததுதான்.

பிறகு 1898இல் ஹாஸ்கல் என்ற அமெரிக்கருக்கு ஒரு யோசனை. ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்தால் என்ன? பந்து பறந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருஷம் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் அடித்தது அப்படிச் சுற்றிய பந்தைத்தான். இப்போது வருகிற பந்துக்குள் எல்லாம் ரசாயன ரப்பர். ஆனால் அந்த நூறு வருஷத்தில் உலகத்துக்கு ரப்பர் கொடுத்த பெரிய இடம் எது, அந்த மரத்தை விடியலில் சீவியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்துக்குள் நாம் இருந்தோம். பை நம் தோளில் இருந்தது. மட்டை மட்டும்தான் வேறு ஆள் கையில்.

சிலாங்கூர் கோல்ப் கிளப் தொடங்கியது 1893இல். அப்போது இந்தப் பக்கம் காப்பித் தோட்டங்கள்தான், கித்தா பரவவில்லை. 1963இல் அதற்கு அரச பட்டமும் கிடைத்தது. இன்று ஜாலான் துன் ரசாக் ஓரம் வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே பச்சையாய்க் கிடக்கிறதே, அதுதான். பஸ்ஸில் போகும்போது வேலி வழியாகப் பார்த்திருப்பீர்கள்.

நான் மட்டையைக் கையில் எடுத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை. பழைய மட்டை, பழைய பை, சந்தைச் சப்பாத்து. முதல் மூன்று மாதம் பந்துப் பயிற்சித் திடலில் ஒரு கூடை, இரண்டு கூடை என்று அடித்தே கை காய்த்துப் போனது. இப்போது எங்கள் நாலு பேர் செட்டில் ஒருவர் பிரிக்பீல்ட்ஸில், அந்தப் பழைய ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒருவர் டாக்சி ஓட்டுகிறார். ஆட்டம் முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் போய் இலைச் சாப்பாடு. பந்தயம் கட்டுவதில்லை. குழிக்கு இத்தனை வெள்ளி என்று கட்டி, சம்பளத்தைப் புல்வெளியில் விதைத்துவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஆடுவது கோல்ப் அல்ல, புல்லில் நடக்கிற சீட்டாட்டம்.

ஒரு சம்பவம். கிளப்பின் பெயர் வேண்டாம். நண்பர் ஒருவர் விருந்தாளியாக அழைத்திருந்தார். வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரிய கார் வந்து நின்றது. இறங்கியவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பின்னாலே பை இருக்கு, எடுத்து வை," என்று சாவியை நீட்டினார். என்ன செய்திருப்பீர்கள்? எனக்குச் சிறுவயதுப் பழக்கம் போகவில்லை. எடுத்து வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து முதல் குழியில் பார்த்தால், எங்கள் செட்டில் நான்காவது ஆள் அவர்தான்! மனிதர் முகம் செம்பனைப் பழம்போல் ஆகிவிட்டது. நூறு முறை மன்னிப்புக் கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை, உண்மையைச் சொன்னால். அவர்மேல் கோபம் இல்லை. அந்தப் பையை எடுக்க என் கை ஏன் அவ்வளவு சீக்கிரம் நீண்டது என்பதுதான் உறுத்தியது.

சரி, நிலத்தின் கதைக்கு வருவோம். கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு கித்தாத் தோட்டம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே மரம் வெட்டிய குடும்பங்களைத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் ரூமா பாஞ்சாங் வரிசைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். இது தற்காலிகம், வீடு வரும் என்று பேச்சு. நிலத்தில் என்னென்னவோ வந்தது. குதிரைச் சவாரி மையம் வந்தது. 1990களில் அருமையான கோல்ப் மைதானம் வந்தது.

2015 பிப்ரவரியில் அந்த மைதானத்தில் மலேசியப் பொதுப் போட்டி நடந்தது. நாங்கள் நாலு பேரும் பார்க்கப் போனோம். இந்தியாவின் அனிர்பன் லஹிரி கடைசி நாளைத் தொடங்கும்போது ஐந்து அடி பின்னால் இருந்தார். முடிக்கும்போது ஒரு அடி முன்னால். கோப்பை அவருக்கு. தொண்டை கட்டும்வரை கத்தினேன். திரும்பும் வழியில் வாத்தியார் காரைத் தாமான் துன் பக்கம் விட்டார். அதே குன்றின் மறுபக்கம். ரூமா பாஞ்சாங் இன்னும் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். காரில் யாரும் பேசவில்லை. கத்திய தொண்டை என்பதால் எனக்கு ஒரு சாக்கு இருந்தது.

பிறகு அங்கே பொதுப் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகளும், இவர்களுக்கு வீடுகளும் சேர்த்துக் கட்ட ஒரு திட்டம் வந்தது. பூங்காவைக் காக்க அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். பூங்கா வேண்டும்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள், 1982இலிருந்து 2023 வரை நாற்பத்தொரு வருஷம். குதிரைக்கு இடம் கிடைத்தது, பந்துக்கு இடம் கிடைத்தது, அந்தக் குடும்பங்கள் அன்றும் அதே வரிசையில்தான் இருந்தன. புக்கிட் ஜாலிலும் தோட்டம்தான், கிளென்மேரியும் தோட்டம்தான். இரண்டிலும் இன்று கோல்ப் ஆடுகிறார்கள். நானும் ஆடியிருக்கிறேன்.

அதற்காக ஆட்டத்தின்மேல் பழி போடுகிறவன் அல்ல நான். நம் பிள்ளைகள் கையில் மட்டை பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆள் இருக்கிறது. கல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியா, அங்குள்ள அரச கோல்ப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு 2016இலும் 2017இலும் இந்தியப் பொதுப் போட்டியை வென்றார். 1991இல் அதே கோப்பையை வென்ற அலி ஷேர், டெல்லியில் பை தூக்கியவர். 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பாவும் கேடியாகத் தொடங்கியவர்தான். பிஜித் தீவு இந்தியரான விஜய் சிங் சிறுவயதில் தேங்காயை அடித்துப் பழகியவர். உலகம் அவரை அறியாத நாளில் நம் சபாவில் கெனிங்காவில் பயிற்சியாளராகப் பிழைப்பு நடத்தினார். 1984இல் மலேசியாவில் பட்டம் வென்றார். இருபது வருஷம் கழித்து, 2004இல், டைகர் வூட்ஸைத் தள்ளிவிட்டு உலகின் முதல் ஆட்டக்காரர். நம் நாட்டுக்கே வந்தால் எம். ராமையா, பி. குணசேகரன். இந்தப் பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? கால்பந்து வீரர் பெயரைக் கேட்டால் இங்கிலாந்து டீம் முழுவதும் ஒப்பிப்பார்கள்.

இனி அம்மா விஷயம்.

நான் ஞாயிறு தோறும் ஆடுகிற மைதானம் எங்கள் தோட்டம். ஆமாம், நான் பிறந்த தோட்டம். 1980களின் கடைசியில் விற்றார்கள், கொஞ்சம் காசு கொடுத்தார்கள், கலைந்து போனோம். பாதி வீடமைப்பு ஆனது, பாதி புல்வெளி ஆனது. பதினோரு வருஷத்துக்கு முன் முதல் தடவை அங்கே ஆடப் போனபோதே எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. "எங்கேயோ ஷா ஆலாம் பக்கம்" என்பேன். அவர் மரம் வெட்டிய நிரையில் நான் பந்து தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

போன மாதம் என் பேரன் போட்டு உடைத்துவிட்டான். "பாட்டி, தாத்தா உங்க எஸ்டேட்லதான் கோல்ப் ஆடுறாரு!"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். வயது எண்பத்தாறு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "என்னை ஒரு தடவ கூட்டிட்டுப் போயேன்டா," என்றார்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டமில்லாத மத்தியானம் கூட்டிப்போனேன். அங்கே மேற்பார்வை பார்க்கிற தம்பி நம்மவர். "பாட்டிதானே, வண்டியிலே ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே," என்று விட்டுவிட்டார். அந்தச் சின்ன மின்சார வண்டியில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அம்மா உட்கார்ந்தார். கோயில் இல்லை. கிணறு இல்லை. லயம் இருந்த இடத்தில் ஏழாவது குழி. ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் யாரும் அழிக்க முடியவில்லை பாருங்கள், அதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "இது மேட்டுக்காடு. அங்கே திரும்பினா ஸ்டோரு. ஆபீஸ் வாசல்லே நின்ன தூங்குமூஞ்சி மரம்டா அது!" அழுவார் என்று நான் துண்டை வேறு எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை.

பதினாலாவது குழி அருகே ஒரு பங்களாதேஷ் பையன் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். எத்தனையோ வருஷமாகப் பேசாத தோட்டத்து மலாய் எங்கிருந்தோ வந்தது.

"காஜி பெராப்பா?"

பையன் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு தொகை சொன்னான். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். திருப்தியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அடுத்த கேள்வி: "தீடோர் மானா?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். மூங்கில் புதருக்குப் பின்னால் நீளமாக ஒரு தகரக் கூரை. கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் குழியில் பந்து தேடியிருக்கிறேன். அந்தக் கூரையை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அந்தப் பையனைப் பற்றித்தான் பேசுகிறார். எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் கட்டி வைத்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். பையில் இடமில்லை, பந்துகள் எல்லாம் எண்ணெயாகிவிடும் என்றேன்.

"பதினாலு குச்சிக்கு இடம் இருக்குல்ல? ரெண்டை எடுத்து வீட்டிலே வை."